கயிறு மாறுதல்

கடிவாளம் என்ற சொல்லை எழுதும்போது நம்மில் யாரும் குதிரையை நினைப்பதில்லை. மனத்துக்குக் கடிவாளம், நாக்குக்குக் கடிவாளம், விலைவாசிக்குக் கடிவாளம். பொருள் கைவிட்டுப் போன பிறகும் உவமையாகவே பிழைத்துக்கொண்டிருக்கும் சொற்களில் அது ஒன்று. அதனால்தான், ஒரு நிஜக் குதிரையின் வாயில் எந்த இரும்பை வைப்பது என்ற கேள்வி பாபநாசத்தில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தபோது எனக்குச் சற்று விசித்திரமாக இருந்தது.

தம்பி முறையாகும் ஒரு பையன். வளைகுடாவில் சில வருஷம் சம்பாதித்துத் திரும்பியவன், மற்றவர்கள் கார் வாங்கும் காசில் குதிரை வாங்கினான். காலையில் கோடைமேலழகியான் கால்வாய்க் கரையோடு சவாரி போவான். போகும்போது சாது. திரும்பி வீட்டுத் திசை பார்த்ததும் தலையை நீட்டிக்கொண்டு இழுக்கும். ஒருநாள் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் குதித்துத் தப்பினார்கள். ஒருத்திக்குக் கால் பிசகியது. பையனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் வாரின் காயம். அடுத்த வாரம் அவன் மூன்று சாமான்களை வரவழைத்து என் முன்னால் பரப்பினான். படித்தவன் என்ற முறையில் நான் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டுமாம்.

முதலாவது ஸ்நாஃபில். நடுவில் மூட்டு வைத்த இரும்பு, இருபுறமும் வளையம். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு கொஞ்ச தூரம் உண்டு. மனிதன் குதிரையை ஆள்வது முழுக்க அந்த விரற்கடை இடைவெளியில்தான். இரும்பு அங்கே, நாக்கின் மேல் படுத்திருக்கும். வாரை இழுத்தால் மூட்டு மடங்கி, பாக்குவெட்டி மாதிரி இருபுறமும் நெருக்கும். இரண்டாவது கர்ப். வளையத்துக்குப் பதிலாக நீண்ட கம்பிகள். தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி. ஏற்றத்தின் வேலைதான்: கம்பி நீளநீள, கையில் ஒரு பங்கு இழுத்தது வாயில் பல பங்காக விழும். மூன்றாவது இரும்பே இல்லை, மூக்குப்பட்டை. எட்டு போட்டதுபோல் முகத்தில் குறுக்காகச் செல்லும் தோல்வார். வலி பொறுக்காத குதிரை வாயைப் பிளந்து இரும்பிலிருந்து நழுவப் பார்க்கும். பிளக்க விடாமல் வாயைக் கட்டிவைப்பது இதன் காரியம்.

இந்த மூன்றாவது சாமான்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரும்பு வலியைக் கொடுக்கிறது. பட்டை அந்த வலி வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. பட்டை எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கி மிருதுவான பாகத்தில் இறுகினால் அந்த வழியும் குறுகும். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல் என்று விதி சொல்லவில்லை. அதனால் சர்வதேசக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் 2025-ல் அதற்கென்று ஓர் அளவுகருவியையே கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1965-ன் விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடுக்கின்றன. ஆனால் வழவழப்பான இரும்பையும் முள்ளாக்கிவிடும் கையை எந்த விதியும் தொட முடியாது.

நான் தேர்ந்து சொல்லவில்லை. தெருக்கோடியில் இருக்கும் வண்டிக்காரப் பெரியப்பாவிடம் அவனைக் கூட்டிப் போனேன். அவர் இளவயதில் நெல் வண்டிக்கு மாடு ஓட்டியவர். பிறகு ஆட்டோக்கள் வரும் வரை அம்பாசமுத்திரம் ரயிலடியில் குதிரை வண்டி. சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "ஏல, இரும்பு குதிர வாயிலயா இருக்கு? ஒன் கையிலல்லா இருக்கு" என்றார்.

"அப்பம் எதத்தான் போடச் சொல்லுதிய?"

"மெல்லிசா இல்லாம, முறுக்கு இல்லாம, வழவழன்னு ஒண்ணு போடு. பொறவு கையப் பழக்கு."

அவர் இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். குதிரையிடம் இல்லையாம், மாட்டிடம். மூக்கணாங்கயிறு கடிவாளத்தைவிடக் கொடியது. கடிவாளமாவது ஈறின் மேல் உட்காருகிறது. இது சதையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதனாலேயே நல்ல வண்டிக்காரனின் பிடிகயிறு எப்போதும் தொய்ந்து கிடக்கும் என்றார். கயிறு அங்கே இருக்கிறது என்பது மாட்டுக்குத் தெரியும், தெரிந்தால் போதும். கயிறு விறைத்தே இருந்தால் மாடு அதற்கு மரத்துப்போகும், பிறகு நிஜமாக நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்த ஒன்றும் மிச்சமிருக்காது. இழுக்கிற குதிரையும் இப்படி உண்டாக்கப்பட்டதுதான் என்பது அவர் கட்சி. நாம் இழுப்பதால் அது இழுக்கிறது. அது இழுப்பதால் நாம் கனத்த இரும்புக்குப் போகிறோம். அந்த இரும்புக்கும் ஒருநாள் வாய் மரத்துப்போகும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த ஆற்றின் மறுமுனை நினைவுக்கு வந்தது. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைத் துறைமுகம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குத் தருகிறார்: கைஸ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1,400 குதிரைகள், மற்றத் துறைகளையும் சேர்த்தால் 10,000, ஒன்றின் விலை 220 பொன் தினார். அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்று சொல்கிறார். அரசனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவார்களாம். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். இங்கே குதிரையைப் பேணத் தெரியாது, வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை. வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வராததோடு, வருகிறவர்களையும் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே மறுவருஷம் விற்கும். குதிரையைக் கப்பலேற்றினார்கள், குதிரையை அறிந்த கையைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மார்க்கோ போலோ வியாபாரிகளோடு பழகியவர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் சுடுகிறது. ஆனால் அவர் பார்க்காத ஒன்று உண்டு. துறைமுகத்துக்குப் பின்னால், வயல்களில், தொய்ந்த கயிற்றால் காளையை நடத்தத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் குதிரை லாயத்துக்குக் கூப்பிட்டு யாரும் யோசனை கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 220 தினார் கொடுத்து வாங்கியதைப் பற்றி மாட்டுக்காரனிடம் கேட்பதாவது.

நம் காரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. யாப்பு என்றால் கட்டு. 1959-ல் 'எழுத்து' வந்த நாளிலிருந்து கட்டு வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போட்டிருக்கிறோம். சிலர் கழற்றி எறிந்தார்கள், சிலர் இன்னும் நீளமான கம்பி வைத்ததைத் தேடினார்கள். வெளியிலிருந்து வருஷாவருஷம் புதிய குதிரைகளும் வந்து இறங்கின. எத்தனை மிஞ்சின என்று கணக்கெடுத்தவர் குறைவு. வரியைப் பிடித்திருக்கும் கை எப்படிப்பட்டது என்று கேட்டவர் அதைவிடக் குறைவு.

பெரியப்பா குதிரையின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்ந்து கன்னத்தின் உட்புறம் கிழிந்திருந்தது. நாக்கில் ஆறிய தழும்பு, பழைய எஜமானன் கொடுத்தது. கால்நடை மருத்துவர் வந்து அரம் போட்டு ராவினார். கொள்ளைக் குறைத்தார்கள். தடித்த, வழவழப்பான ஸ்நாஃபில். மூக்குப்பட்டை இரண்டு விரல் தளர்வில். கரையோடு நேராக ஓட்டாமல், அறுப்பான வயலில் வட்டம் போட வைத்தார். குதிரை செவி சாய்த்தால் உடனே வாரைத் தளர்த்த வேண்டும். அந்த ஒரு நொடியைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மாதத்தில் குதிரை பாதி திரும்பியது. மதகு தாண்டி வீடு தெரியும் வளைவில் மட்டும் இழுத்தது. அதற்கு இன்னும் ஆறு மாதம் என்றார் பெரியப்பா.

பையனுக்கு ஆறு மாதம் இல்லை. வெளி ஜில்லாவிலிருந்து வந்த பந்தய வண்டிக்காரர் ஒருவருக்குக் குதிரையை விற்றுவிட்டான்.

திருவிளையாடலில் சிவன் குதிரை வியாபாரியாக வந்து பாண்டியனிடம் பரிகளை ஒப்படைக்கும்போது ஒரு சடங்கு நடக்கிறது. கயிறு மாறுதல். விற்றவன் கையிலிருந்து வாங்கியவன் கைக்குக் கயிறு போய்விட்டால் வியாபாரம் முடிந்தது. அதன்பின் நேர்வது வாங்கியவன் பாடு. இரவில் பரிகள் நரிகளாகி ஊளையிட்டபோது அரசன் தண்டித்தது வாதவூரரை. விற்றவனைக் கேட்க வழியில்லை. வழக்கு வியாபாரிக்குச் சாதகமானது. பழைய எஜமானனும் அப்படித்தான் கயிறு மாற்றியிருப்பான், நாக்கின் தழும்போடு.

எங்கள் தெருவிலும் கயிறு மாறியது. குதிரை வேனில் ஏறத் தயங்கியது. பெரியப்பா கழுத்தில் கை வைத்ததும் ஏறியது. வாங்க வந்தவர் இழுக்குமா என்று கேட்டார். கொஞ்சம் என்றான் பையன். பிறகு வீட்டுக்குள் போய், நீண்ட கம்பி வைத்த அந்த இரண்டாவது இரும்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். அதற்குக் காசு வாங்கவில்லை. உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.