எலும்பு கூடினால் போதுமா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் என் சித்தி மகனுக்கு பைபாஸில் பைக் விபத்து. தொடையில் ராடு, மணிக்கட்டில் பிளேட். எக்ஸ்ரேயைப் பார்த்து, "எலும்பு நல்லா கூடிடுச்சு" என்றார்கள். வீட்டில் கோழிக்குழம்பே வைத்தாயிற்று. ஆனால் முட்டி பாதிதான் மடங்குகிறது. ஊசிக்கடியில் தோலைத் திருப்பிக் கொடுக்க மணிக்கட்டு வளைய மாட்டேன் என்கிறது. ஃபிசியோவுக்குப் போடா என்றால், "ஆட்டோவுக்கே எவ்ளோ ஆகுது தெரியுமாண்ணா?" என்கிறான். அதுவும் நியாயம்தான்.

அவனைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருபவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ். அவர் 1954இல் கார் விபத்தில் முகம் சிதைந்து, தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் வந்தது. அவருக்குக் கால் திரும்பவில்லை, வேலை திரும்பியது. என் கணக்கில் அதுதான் குணமாவது.

உங்கள் வீட்டில் யாருக்காவது ராடு, பிளேட் வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள்: என்ன பயிற்சி, எத்தனை வாரம், வீட்டிலேயே எதைச் செய்யலாம்? எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.