கேம் இருக்கு, நாங்கள் விளையாடினது எங்க சேர்?



கீரிமலையில் நாங்கள் கணினி படிப்பிக்கும் வகுப்பில் போன கிழமை ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. வீட்டுக் கணினியை ஃபோமட் பண்ணக் கொடுக்க முன், கார் ரேஸ் கேமின் ஃபோல்டரை அப்படியே பென்ட்ரைவில் கொப்பி பண்ணி வைத்திருக்கிறான். திரும்பப் போட்டதும் கேம் திறந்தது, ஆனால் முதலாவது கட்டத்தில். அண்ணன் வெளிநாடு போக முன் இருவருமாக விளையாடிய ஒரு வருசம் அதில் இல்லை.

"ஏன் சேர் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குள்ள வைக்கேல்ல?"

டொஸ் காலத்துக் கேம்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைத்தன. விண்டோஸ் 95க்குப் பிறகு அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் எழுதும் பழக்கம் பரவியது. 2007இல் விஸ்டா வந்தபோது, 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் அனுமதியில்லாமல் எதுவும் எழுத முடியாதபடி இறுக்கினார்கள். வைரஸ் அங்கே புகுந்து மென்பொருளை மாற்றக்கூடாது என்பது ஒரு காரணம். ஒரே கணினியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால், ஒருவரின் ஆட்டம் மற்றவரின் ஆட்டத்தோடு கலக்கக்கூடாது என்பது இன்னொன்று. கேம் எல்லாருக்கும் பொது, விளையாடியது அவரவருடையது. நியாயம்தான்.

கரைச்சல் என்னவென்றால், ஒவ்வொரு கேமும் அதை ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது. ஜிடிஏ வைஸ் சிட்டி 'மை டொக்கியுமென்ட்ஸ்'க்குள் வைக்கும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 'ஆப் டேட்டா'வுக்குள் வைக்கும்; அது சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாத ஃபோல்டர். யூனிட்டியில் செய்த பல கேம்கள் தங்கள் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரிக்குள்ளேயே எழுதிவிடும்.

இந்த ஊர்ச் சனமும், யாழ்ப்பாண முஸ்லிம்களான நாங்களும் ஒரே வருசத்தில், 1990இல், வீடுகளை விட்டு வெளிக்கிட்டவர்கள். அவசரத்தில் உடுப்பை எடுத்துக்கொண்டு காணி உறுதியை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எது எங்கே இருக்கிறதென்று வெளிக்கிட முன்னமே தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாத பாடமில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம்.

இந்தக் கிழமை சொல்லிக்கொடுத்தோம். பெற்றோரும் கேளுங்கள்: ஃபோமட் பண்ண முன் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, மறைந்திருப்பதையும் காட்டச் செய்து, உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுவதுமாகக் கொப்பி பண்ணுங்கள். ரெஜிஸ்ட்ரியில் இருப்பது அதோடு வராது. அதைத் தனியாக 'எக்ஸ்போர்ட்' பண்ண வேண்டும். தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குத்தான் நாங்கள் பிந்திவிட்டோம்.