சட்டைப்பையில் ஒரு வெளிச்சம்

நோயுற்றோர் வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் இரவில் செல்லும் ஊழியத்தில், பாம்பு நடமாடும் வரப்புகளையும் கடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, சிறிய டார்ச் விளக்கு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்கிறேன். கைப்பேசியிலும் விளக்கு உண்டு. ஆனால் மின்தடை நாளில் அதன் மின்சக்தியை அழைப்புகளுக்காகச் சேமிக்க வேண்டும்.

விளக்கைத் தேர்ந்தெடுக்கையில் 1000 லூமன் என்ற விளம்பரத்தை நான் பொருட்படுத்தவில்லை. விரலளவு விளக்கு அவ்வளவு ஒளியை நெடுநேரம் தாங்காது; சூடேறி, சில நிமிடங்களில் தானே மங்கும். நடப்பதற்கு 100 லூமன் போதுமானது. நோயாளி உறங்கும் அறையில் மருந்துச்சீட்டை வாசிக்க 5 லூமனே இதமானது. எனவே, குறைந்த ஒளியில் தொடங்குவதும், எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒற்றைப் பென்சில் பேட்டரியில் எரிவதுமான விளக்கையே வாங்கினேன். ஐபிஎக்ஸ்7 தரமுடைய அது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆதலால் மழைக்கு அஞ்சுவதில்லை.

119ஆம் சங்கீதம் பேசும் தீபமும் கால்களுக்கானதே. அடுத்த அடிக்கு வேண்டிய ஒளி அது.

நெடுநாள் கிடக்கும் பேட்டரி கசிந்து விளக்கைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். விளக்கு ஆயத்தமாயிருந்தால், நள்ளிரவில் அழைக்கிறவரிடம் “விடிந்ததும் வருகிறேன்” என்று சொல்ல நேராது.