உயர்ந்த ஜீப்பும் சாய்ந்த தண்டும்

பாறைவழிகளில் அடிபடாது செல்லும்பொருட்டு ஜீப்பினை உயர்த்தும் ஆசை இளைஞரிடம் மிகுந்துள்ளது. ஆயின் வண்டி உயருங்கால் அதன் வயிற்றடியிற் சுழலும் தண்டு என்னாகின்றதென எண்ணுவார் சிலரே.

என் தமையனார் தம் பழைய ஜீப்பை 4 அங்குலம் உயர்த்துவித்தார். அன்றுமுதல் வேகம் கூடியபோதெல்லாம் இருக்கையினடியில் ஓர் அதிர்வு தோன்றிற்று. யான் வண்டியின்கீழ்ப் படுத்து அளந்து பார்த்தேன். கியர்ப்பெட்டியினின்று பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளம் 20 அங்குலமே. முன்னர் 7 பாகையளவே சாய்ந்திருந்த அது, இப்போது 18 பாகை சாய்ந்திருந்தது. பட்டறையார் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்து, அச்சின் மூக்கைத் தண்டுக்கு நேராக நிமிர்த்தியிருந்தனர். கண்ணுக்கு அழகுதான்! கீழ்மூட்டிற் கோணமே இல்லை. மேல்மூட்டிலோ 18 பாகையும் நின்றது.

தீங்கு அங்கேதான். பட்டறையில் கிராஸ் என வழங்கும் இம்மூட்டு, வளைந்து சுழலுங்கால் வேகத்தைச் சீராகக் கடத்துவதன்று. 18 பாகையில், கியர்ப்பெட்டி நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சீராய்ச் சுழன்றாலும், தண்டின் வேகம் 951க்கும் 1051க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறியிறங்கும். மற்றை மூட்டும் அதே கோணத்தில் நிற்பின், முதல் மூட்டு விளைத்த ஏற்றத்தாழ்வை அஃது அழித்துவிடும். பட்டறையார் செய்த ஆப்புவேலை, மேலே இரட்டை மூட்டுடைய தண்டுக்கே தகும்.

அதிர்வுதானே, பொறுத்துக்கொள்ளலாம் என்றார் தமையனார். யான் உடன்படவில்லை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளிற் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று. பின்தண்டு புறப்படுமிடத்து உருளையைப் பிடிப்பது. முன்சக்கரங்களுக்கு விசை பூட்டாதபோது அத்தண்டு முறியின், எஞ்சினின் பிடிப்பும் கைப்பிரேக்கும் ஒருங்கே பயனற்றுப்போம். எம் தாயார் மலைச்சாலையில் இறங்குவது அவ்வண்டியில்தான். இதனைக் கேட்டபின் அவர் மறுமொழி கூறவில்லை.

ஆப்பைக் கழற்றினோம், அச்சின் மூக்கும் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டும் ஒன்றற்கொன்று இணையாயின. ஆயினும் 18 பாகை மிகையே. கோணங்கள் சமமாயினும் இடைத்தண்டு விரைந்தும் தளர்ந்தும் சுழல்வது ஒழியாது. ஆதலின் உயரத்தை 2 அங்குலமாகக் குறைத்தோம். கோணம் ஏறத்தாழ 13 பாகையாயிற்று. தண்டினை மீண்டும் கோக்கும்போது, இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமையுமாறு அடையாளங்களை ஒத்துப் பார்த்தோம். ஒரு பல் தவறினும் செய்த வேலை வீணாகும்.

அதிர்வு நின்றது. போன 2 அங்குலத்தை எண்ணித் தமையனார்க்கு இன்னும் வருத்தந்தான்.