அன்னமும் நினைவும்

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் வாக்கு, தமிழ் இல்லங்களில் மருந்துப் பெட்டி வருவதற்கு முன்பே குடிபுகுந்துவிட்ட ஒன்று. காய்ச்சல் கண்டால் பட்டினி. வயிறு மந்தித்தால் பட்டினி. சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி என்று நோன்பிருந்து பழகிய குடும்பங்களிலோ உண்ணாமை மருந்தாகவும் தவமாகவும் ஒருசேரப் போற்றப்படுகிறது. அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் தலையில் பலத்த அடிபட்டவரின் படுக்கையருகே அவ்வாக்குக்கு இடமில்லை என்பதைச் சின்னாளப்பட்டியின் நெசவாளர் குடும்பம் ஒன்று அறிய நேர்ந்தது.

சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் நான்முக முருகன் சந்நிதிக்குக் கிருத்திகை தவறாமல் செல்பவர் அந்தப் பெரியவர். வயது அறுபத்தாறு. கார்த்திகைத் தீபத்தன்று மாடிச் சுவரில் அகல்களை வரிசையாக ஏற்றி வைத்துவிட்டு இறங்குகையில், படியில் சிந்தியிருந்த எண்ணெய் வழுக்கிவிட்டது. இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டு வந்தவராதலால் மண்டைக்குள் கசிவு பெருகிற்று. அன்றிரவே மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதியோருக்கு நேரும் மூளைக் காயங்களுக்கு வாகன விபத்தைக் காட்டிலும் இத்தகைய சறுக்கல்களே பெருங்காரணம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீரன்றி வேறெதுவும் தொடுவதில்லை என்று மனைவி நேர்ந்துகொண்டார். மறுநாளே கணவரின் மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலுணவு செலுத்தக் கண்டதும் அந்த அம்மையார் பதறிப்போனார். “ஐயா, நினைவே இல்லாதவருக்குச் சாப்பாடு எதற்கு? உடம்பு ஓய்ந்து கிடக்கிறதே” என்று மருத்துவரிடம் முறையிட்டார். “வெளியே பார்த்தால்தானம்மா ஓய்வு, உள்ளே உலை கொதிக்கிறது” என்பது மருத்துவர் தந்த விடை.

அந்த விடை வெறும் உவமையன்று. உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 அளவே. உடல் செலவிடும் ஆற்றலிலோ அதன் பங்கு ஏறத்தாழ 20. கடுமையான காயம் பட்டபின் உடல் முழுவதுமே போர்க்களமாகிவிடுகிறது. அசைவற்றுப் படுத்திருப்பவரும் வழக்கத்தைவிட நாற்பது விழுக்காடு வரை மிகுதியாக ஆற்றலை எரிக்கக்கூடும். வெளியிலிருந்து உணவு வராவிடில் உடல் தன் தசையையே கரைத்து அந்த அடுப்புக்கு விறகாக்கும். தசை கரைந்தால் இருமவும் வலுவிராது, சளி தேங்கும், நோய்த் தொற்று பற்றும். 2008-ல் வெளியான நியூயார்க் மாநில ஆய்வொன்று, கடும் மூளைக் காயமுற்றோரில் 5 நாட்களுக்குள் உணவு பெறாதோர் இறக்கும் வாய்ப்பு இருமடங்காகவும், 7 நாட்களுக்குள்ளும் பெறாதோர்க்கு நான்கு மடங்காகவும் இருந்ததைக் காட்டிற்று. நிலைமை மிக மோசமானவர்களுக்கே உணவு தருவது தாமதித்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எனினும் ஐந்தாம் நாளுக்குள், மிஞ்சினால் ஏழாம் நாளுக்குள், அடிப்படை ஆற்றல் முழுவதையும் உணவால் ஈடுசெய்துவிட வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

பன்னிரண்டாம் நாள் பெரியவர் கண் விழித்தார். அம்மையாரும் அன்றுதான் ஒரு கவளம் உண்டார். அதற்குள் அவரே இருமுறை மயங்கி விழுந்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நோயாளியைத் தூக்கி அமர்த்த வேண்டிய கைகளுக்கும் சோறு வேண்டும்.

குழாயுடனேயே வீடு திரும்பினார்கள். உறவினர் பலரும் அரிசிக் கஞ்சியே போதுமென்றனர். மருத்துவமனை உணவியலாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். எடைக் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அவருக்கு 75 கிராம் வரை. 100 கிராம் அரிசியில் இருப்பதோ 7 கிராம் அளவே. கஞ்சியை மட்டும் நம்பினால் நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசியை அந்தச் சிறு குழாய்க்குள் செலுத்தியாக வேண்டும்! முட்டை அவ்வீட்டில் நுழைந்ததில்லை. ஆகவே பால், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை மாவு என்று அட்டவணை அமைந்தது. பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் உண்டு. வேகவைத்து, நைய அரைத்து, துணியில் வடிகட்டி, அவ்வப்போது புதிதாகச் செய்து ஊட்டினார்கள். ஊட்டும்போதும், ஊட்டி அரைமணி நேரத்துக்குப் பின்னும் தலைமாடு உயர்ந்தே இருந்தது. வலிப்பு வராமல் தடுக்கும் எப்டாயின் மருந்தை உணவோடு சேர்த்துக் குழாயில் விட்டால் அது உடலில் சரிவரச் சேராது. அதற்கென இடைவெளி குறித்துத் தந்திருந்தார்கள்.

மூளைக்கு வலுவூட்டும் என்று தூள்களையும் லேகியங்களையும் கொணர்ந்தோர் குறைவில்லை. காயமுற்ற மூளையை ஆற்றும் தனிப்பொருள் இன்னதென்று எந்த ஆய்வும் உறுதியாக நிறுவியதில்லை. காலத்தே தொடங்கும் உணவு, போதிய ஆற்றல், போதிய புரதம் ஆகியவையே நிலைத்து நிற்கும் அறிவுரைகள். இவற்றை விற்பார் இல்லை. ஆதலால் விளம்பரமும் இல்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை சென்று திரும்பிய மைத்துனர், பஞ்சாமிர்தமும் தீர்த்தமும் கொண்டுவந்தார். ஓர் உத்தரணி தீர்த்தத்தை வாயில் விட்டால் என்ன என்று கேட்டார். அன்பினால் கேட்ட கேள்விதான். அதில் இருந்த ஆபத்து பெரிது. மூளைக் காயத்தால் விழுங்கும் இயக்கம் தடுமாறியிருக்கும்போது, கெட்டியான உணவைக் காட்டிலும் நீரே எளிதில் மூச்சுக்குழலுக்குள் வழிந்துவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. இரண்டு நாள் கழித்து நுரையீரல் சளிக்காய்ச்சலாகத்தான் தெரியவரும். அம்மையார் தீர்த்தத்தை வாங்கிக் கணவரின் தலையில் தெளித்து, நெற்றியில் திருநீறு இட்டார். “முருகனுக்குத் தெரியாதா அண்ணா, இவருக்கு எந்த வழியாகக் கொடுக்க வேண்டுமென்று?” என்றார். விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவமனையில் ஒப்புதல் தந்தபின், மாசியில் அவர் வாய்வழி உண்ட முதல் உணவு நன்கு மசித்த சிறுமலை வாழைப்பழம்.

பின்னரும் ஒரு குறை எஞ்சியது. சாம்பாரில் மணமே இல்லையென்று தட்டைத் தள்ளினார். தீபாராதனைக் கற்பூரமும் மணக்கவில்லை என்றார். மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் அதிர்ச்சியில் அறுந்துபோவது இக்காயத்தில் அரிதன்று. மணமற்றவனுக்குப் பசியும் மங்கும். அம்மையார் எலுமிச்சையின் புளிப்பு, மொறுமொறுப்பு, நிறம் என நாவும் கண்ணும் உணரத்தக்கவற்றைக் கொண்டு சோற்றை அலங்கரிக்கக் கற்றார். ஒரு வேளைப் பெருந்தட்டு, சிறுசிறு ஆறு வேளைகளாயிற்று.

ஐப்பசி வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் நோற்ற கந்த சஷ்டி விரதத்தை இவ்வாண்டும் நோற்பேன் என்று பெரியவர் பிடிவாதம் கொண்டார். பட்டினியும், தவறும் மாத்திரையும், குறையும் உறக்கமும் வலிப்பை வரவழைக்கும் என்று மருத்துவர் மறுத்தார். அப்படியானால் உப்பில்லாமல் உண்கிறேன் என்றார். அதுவும் கூடாது; மூளைக் காயமுற்றோர்க்கு இரத்தத்தில் உப்புச்சத்து தாழ்ந்து குழப்பம் நேர்வதுண்டு. “உயிரைக் காத்தவனுக்கு ஒன்றுமே தரக்கூடாதா?” என்று அவர் கண் கலங்கினார்.

அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சாந்தோக்ய உபநிடதத்திலிருந்து ஒரு வரலாற்றைச் சொன்னார். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் பருகி உண்ணாதிருக்கச் சொன்னார். பின்னர் வேதங்களை ஓதுமாறு பணித்தார். பன்னிரண்டாண்டு கற்ற மைந்தனுக்கு ஒன்றும் நினைவில் எழவில்லை. உண்டு வரச் சொன்னார். உண்டு வந்தவன் கேட்டதனைத்தையும் ஓதினான். மின்மினி அளவாய் எஞ்சிய தணலுக்குத் துரும்பிட்டால் மீண்டும் எரிவதுபோல என்று தந்தை விளக்கினார். “அண்ணே, உங்கள் தணலுக்கு இப்போதுதான் துரும்பு இட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை அணைத்துவிட்டு யாரைப் பாடப் போகிறீர்கள்?” என்றார் ஆசிரியர்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு இடுப்பிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்தார். நாற்பதாண்டுப் பழக்கம் அது. ஆறு நாட்களும் அதைத் தொடவில்லை; ஆறு நாட்களும் வேளை தவறாமல் உண்டார். சூரசம்ஹாரத்தன்று மாலை, மகன் கையைப் பற்றிக்கொண்டு நான்முகன் சந்நிதிக்குச் சென்று, நாற்காலியில் அமர்ந்து தரிசித்தார். வீடு திரும்பியதும் அம்மையார் வைத்த இரண்டு இட்லிகளை உண்டு மூன்றாவதையும் கேட்டார்.