கீ... கீ... யார் அது?



ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எங்க வீட்டில் 'கீ...' என்று ஒரு சத்தம். காதுகிட்ட கொசு வந்த மாதிரி. "எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார் அப்பா. அம்மா என் காதில் எண்ணெய் விடவே வந்துட்டாங்க! தப்பித்து ஓடினேன்.

தேடிப் பார்த்தால் அக்காவின் லேப்டாப் அடாப்டர். அப்பா சீட்டுப் பணம் எடுத்து, அக்கா காலேஜுக்காக வாங்கியது. கெட்டுப்போனால் வேறு வாங்க வழியில்லை. நானே சரிசெய்கிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

இயற்பியல் சாரிடம் சொன்னபோது திட்டினார். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அடாப்டருக்குள் அது ஏறக்குறைய 325 வோல்ட்டாக ஒரு மின்தேக்கியில் நிற்குமாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கலாம். "திறக்காதே. எப்போ கத்துது, எப்போ நிக்குதுன்னு எழுதிட்டு வா."

நாலு நாள் எழுதினேன். பேட்டரி காலியாக இருந்து சார்ஜ் ஏறும்போது சத்தமே இல்லை. நிறைந்த பிறகு 'கீ'. லேப்டாப்பைக் கழற்றி அடாப்டரை மட்டும் விட்டாலும் 'கீ'.

சார் விளக்கினார். அடாப்டர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு நிறுத்துகிறது. நம் காதுக்கு எட்டுவது 20,000 அதிர்வு வரைதான். அதற்கு மேலே இருப்பதால் கேட்பதில்லை. வேலை குறைந்தால் அது விட்டு விட்டு இயங்கும். அந்த வேகம் நம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதிர்ந்து கத்தும். பயமில்லை. வயதானால் கீச்சுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகுமாம். பாவம் அப்பா!

ஆனால் நோட்டில் இன்னொரு வரியும் இருந்தது. 'ஹால் பாயிண்டில் செருகினால் சர்ர்ர்னும் கேக்குது.' சும்மா எழுதி வைத்தது. சார் அதைத்தான் இரண்டு தடவை படித்தார். "அந்தப் பாயிண்ட்டை இன்னிக்கே நிறுத்தச் சொல்லு."

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து கழற்றினார். உள்ளே ஒயர் லூசாகி, பொறி பறந்து, பிளாஸ்டிக் கருகியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் தம்பி பாய் போட்டுத் தூங்குவான். அம்மா ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

புது பாயிண்ட் போட்டாச்சு. அடாப்டர் இன்னும் கத்துகிறது. தொட முடியாத சூடோ, கருகல் வாடையோ வந்தால் மாற்றணும் என்று சார் சொல்லியிருக்கிறார். சார்ஜ் ஏறியதும் நான் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். அப்பா மட்டும் தினமும் அதைக் காதில் வைத்துப் பார்த்து, "இப்போ கத்துதா?" என்று என்னிடம் கேட்கிறார்.

- பதினோராம் வகுப்பு மாணவி