பறித்தலும் எடுத்தலும்

ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தில் கொல்கத்தாவில் நடைபெற்ற பயிலரங்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறைவுற்றது. ஐதராபாத்திலிருந்து வந்திருந்த மொழியியல் ஆய்வு மாணவி ஒருத்தி, திரும்பும் விமானத்தை ஞாயிறு இரவுக்குப் பதிவு செய்திருந்தாள். விடுதித் தோழியிடம் இரவல் வாங்கிய கேமராவும், அதில் பொருத்திய 50 மி.மீ. லென்ஸும் கையில் இருந்தன. நல்ல படங்கள் கிடைக்கும் என்று பலரும் சொன்ன பதினேழு இடங்களுக்குக் கைப்பேசி வரைபடத்தில் நட்சத்திரக் குறி இட்டிருந்தாள். அந்தப் பதினேழு இடங்களிலும் பிறர் எடுத்திருந்த படங்களைப் பார்த்து முடித்தபோது, அனைத்தையும் ஒருவரே எடுத்ததுபோல் இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் நட்சத்திரங்களை நீக்கவில்லை.

முதற்பிழை நேரக் கணக்கில் நேர்ந்தது. சூரியன் ஆறு மணிக்கு எழுவது அவளுக்குப் பழகிப்போன உண்மை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கொல்கத்தாவோ 88 பாகையையும் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பள்ளியில் படித்த கணக்கு, சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்துச் சன்னலைத் திறந்த பிறகே நினைவுக்கு வந்தது. அந்நாட்களில் அங்கே ஐந்தேகாலை ஒட்டி விடிந்துவிடும். ஹௌரா பாலத்தின் கிழக்கு அடிவாரத்திலுள்ள மல்லிக் காட் பூச்சந்தையை அவள் அடைந்தபோது மணி ஆறரை. பொன்னொளி போய், வெயில் கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது.

எனினும் அந்தச் சந்தையில் படத்திற்குப் பஞ்சமில்லை. துலுக்கச் சாமந்தி மாலைகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் வடக்கயிறு போலச் சுருண்டு கிடந்தன. தலையில் பூப்பொதி சுமந்தவர்கள் வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டு ஓடினர். மேலே, 1943இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், நட்டும் போல்ட்டும் இன்றி ஆணியடித்து இணைத்த எஃகுச் சட்டங்களோடு வானத்தை மறைத்து நின்றது. காலையில் நகரத்தின் பக்கமிருந்து வரும் வெயில் பாலத்தின் மேலும் ஆற்றில் குளிப்போர் மேலும் நேராக விழும். அவர்களை நிழலுருவாக எடுக்க விரும்பினால் படகேறி ஹௌரா கரைக்குச் செல்ல வேண்டும். அல்லது சூரியன் அக்கரையில் மறையும் மாலை வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு எளிய செய்தியைப் பதினேழு நட்சத்திரங்களில் ஒன்றும் சொல்லவில்லை.

படிக்கட்டின் ஓரத்தில் முதியவர் ஒருவர் மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பூக்குவியலில் பட்டுத் திரும்பிய மஞ்சள் ஒளி அவர் கன்னத்தில் படர்ந்திருந்தது. அவள் கேமராவை உயர்த்தி அழுத்திய அதே கணத்தில் அவர் உள்ளங்கையை முகத்தின் முன் கொண்டுவந்தார். "சொபி துல்பேன் நா" என்றார்.

வங்காளத்தில் படமெடுப்பது 'சொபி தோலா'. 'தோலா' என்பதன் முதலுயிர் 'துல்பேன்' என்னும்போது உயர்ந்து உகரமாகிறது. வங்காள உயிரொலிகளின் இந்த ஏற்றம் ஒலியனியல் வகுப்பறைகளுக்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு. மாணவியின் செவியில் முதலில் விழுந்தது அந்த உயிர்மாற்றம்தான். அதை உயிருள்ள ஒரு வாயிலிருந்து கேட்ட மகிழ்ச்சியில் ஓரிரு நொடிகள் கழிந்தன. 'எடுக்காதீர்கள்' என்ற பொருள் அதன் பிறகே வந்து சேர்ந்தது.

வருத்தம் தெரிவிக்கும் பாவனையில் கைகூப்பிவிட்டு நகர்ந்தாள். படம் அட்டையில் இருந்தது. பின்னர் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விரல்களின் இடையே ஒரு கண், மஞ்சள் ஒளி, பின்னால் மங்கலாகப் பாலம். அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த படம் அதுவாகத்தான் இருக்கும் என்பதில் அவளுக்கு ஐயமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளது முனைவர் பட்ட ஆய்வு ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் கொலாமி மொழியைப் பற்றியது. ஒருவரின் குரலைப் பதிவு செய்யுமுன் ஒப்புதல் படிவத்தை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும். கையொப்பமோ கைநாட்டோ பெற வேண்டும். "எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம்" என்ற வரியை ஊர் ஊராக, திண்ணை திண்ணையாக அவள் படித்திருக்கிறாள். குரலுக்கு இவ்வளவு காவல். முகத்திற்கோ, சனி ஞாயிறு என்றால் ஒன்றுமில்லை.

நண்பகல் வெயிலில் தெருவில் எடுக்கும் படம் தேறாது. மரம் அடர்ந்த இடமே அப்போது உதவும். 1767இல் திறக்கப்பட்ட சவுத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் அதற்கு ஏற்றது. பாசி படர்ந்த கூம்புகள், குவிமாடங்கள், இலைகளினூடே வடிந்துவரும் பச்சை வெளிச்சம். மொழியியல் படித்தவர்கள் அங்கே தேடிச் செல்வது வில்லியம் ஜோன்ஸின் கல்லறையை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் இதே நகரில் உரையாற்றியவர் அவர். அவருக்கு எழுப்பிய ஊசித்தூண் அவ்வளவு உயரம், 50 மி.மீ. லென்ஸில் அடங்க மறுத்தது. பின்னால் நகர்ந்து நகர்ந்து இன்னொருவர் சமாதியில் முதுகு இடித்ததுதான் மிச்சம். ஜோன்ஸுக்குச் சமஸ்கிருதம் கற்பித்த பண்டிதர் ராமலோசனின் பெயர் பாடநூல்களில் எப்போதாவது ஓர் அடிக்குறிப்பாக வரும். தெலுங்கும் தமிழும் கன்னடமும் தனிக்குடும்பம் என்று 1816இல் எழுதிய எல்லிஸைச் சொல்லும் நாமும், சென்னையில் அவருடன் உழைத்த பட்டாபிராம சாஸ்திரியை அத்தனை எளிதில் சொல்வதில்லை. மொழியைக் கொடுத்தவர்கள் சட்டகத்துக்கு வெளியே நிற்பது இத்துறையில் பழைய வழக்கம்.

அங்கே அவள் எடுத்த படங்களில் தேறியது ஒன்றுதான்: ஒரு கல்லில் எழுத்து தேய்ந்து, பாசி மட்டும் தெளிவாக இருக்கும் படம். காலேஜ் தெருவில் காபி ஹவுஸின் மாடி வளைவிலிருந்து கீழ்த்தள மேசைகளை எடுக்கலாம் என்பது எல்லோரும் சொல்வது. எல்லோரும் எடுத்தும் இருந்தார்கள். அவள் காபி மட்டும் குடித்தாள்.

ஞாயிறு விடியலில், இம்முறை நாலரைக்கே எழுந்து, மீண்டும் மல்லிக் காட்டுக்குச் சென்றாள். நேற்று தவறிய ஒளிக்காக என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள். முதியவர் அதே படியில் இருந்தார். கேமராத் திரையில் படத்தைக் காட்டி, உடைந்த இந்தியில், வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் நெடுநேரம் பார்த்தார். சிரித்தார்கூட. பிறகு தலையை ஆட்டி மறுத்தார். காரணம் கேட்கலாம் என்று அவள் வாயெடுத்தபோது, தானே பலமுறை படித்துக் காட்டிய அந்த வரி குறுக்கே வந்தது. அவர் பார்த்திருக்கவே படத்தை அழித்தாள். அவர் ஒரு சிறு மாலையை நீட்டினார், காசு வாங்கிக்கொண்டார்.

வங்காளத்தில் பூப் பறிப்பதற்கும் 'தோலா' என்றே சொல்கிறார்கள். பூவும் படமும் ஒரே வினையால் கொய்யப்படுகின்றன. இந்தியில் படத்தை 'இழுக்கிறார்கள்'. தமிழில் முன்பு பிடித்தோம், இப்போது எடுக்கிறோம். நாகம் மட்டும் தன் படத்தைத் தானே எடுக்கிறது.

அன்று முற்பகல் குமார்துலி. துர்க்கா பூசைக்கு முந்தைய வாரங்களில் அந்தக் குறுஞ்சந்துகள் முழுக்க மூங்கிலும் வைக்கோலும் ஈரமண்ணுமாக இருக்கும். படமெடுப்போரிடம் கைவினைஞர்களின் சங்கம் ஒரு சிறு கட்டணம் பெற்றுச் சீட்டுத் தருகிறது. கட்டணம் செலுத்தியதால் உரிமை வந்துவிட்டதாக எண்ணும் கூட்டம் அங்கே உண்டு. மண் காயாத சிலைகளின் இடையே தோள்பையோடு புகுந்து கைவிரலை முறித்துவிட்டுப் போகிறார்கள். மாணவி ஒரு கொட்டகையின் வாயிலில் நின்று, சீட்டைக் காட்டாமல், எடுக்கலாமா என்று கேட்டாள்.

வைக்கோல் உருவின் மேல் மண் பூசிக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் திரும்பிப் பார்த்தார். "இப்போது எடுத்தால் ஒன்றும் தெரியாது, மா. மூன்று மணிக்கு மேல் வாருங்கள்" என்றார். இளையவளை 'மா' என்று விளிப்பது நம் 'அம்மா' போலத்தான்.

அவள் போகவில்லை. அவர் காட்டிய முக்காலியில் அமர்ந்திருந்தாள். கெட்டியான களிமண்ணை முதலிலும், மென்மணல் கலந்த மண்ணை அதன் மேலும் பூசுவதைப் பார்த்தாள். இடையில் தேநீர் வந்தது. சந்தின் எதிர்ச்சுவர் வெள்ளையடித்தது. மூன்றரை மணியளவில் அதன் மேல் வெயில் விழுந்தது. அங்கிருந்து திரும்பிய ஒளி, நிழற்படக்கூடத்தில் வெண்திரை கட்டியதுபோல், கொட்டகைக்குள் மெல்லப் பரவியது. "இப்போது" என்றார் அவர். கண் எழுதாத முகங்களை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கைகளை எடுத்தாள்: அவருடையதையும், அம்மனுடையதையும். எது யாருடையது என்று உடனே சொல்ல முடியாத அளவுக்கு இரண்டிலும் ஒரே மண். முக்காலியின் உயரம், சுவரின் தொலைவு, 50 மி.மீ. அனைத்தும் பொருந்தி வந்தன. அந்த இடத்திற்கு வரைபடத்தில் நட்சத்திரம் இல்லை; அவளும் இடவில்லை.

விடைபெறும்போது, படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று அவர் கேட்டார். கைப்பேசிக்கா என்றாள். இல்லை, காகிதத்தில், என்றார். கட்டணச் சீட்டின் பின்புறத்தில் கொட்டகையின் முகவரியை அவர் மகன் எழுதிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை ஐதராபாத்தில், பல்கலைக்கழக வாயிலருகே உள்ள ஸ்டூடியோவில் இரண்டு பிரதிகள் போடக் கொடுத்தாள். வழுவழுப்பாகவா, மங்கலாகவா என்று கடைக்காரர் கேட்டார். ஈரமண் கை பட்டாலும் தாங்கும்படி லேமினேஷன் செய்து தரச் சொன்னாள்.